இடமும் காண்போனும்

தமிழிலக்கணத்தைக் கற்கப் புகும் மாணவனை வியப்பில் ஆழ்த்துவனவற்றுள் ஒன்று, தன்மை முன்னிலை படர்க்கை என்னும் மூன்றினையும் நம் இலக்கண நூலார் ‘இடம்’ என்னும் பெயராற் குறித்தமையாகும். பேசுவோனும் கேட்போனும் பேசப்படுவதும் மூன்று இடங்கள் என அவர்கள் கொண்டனர். இடம் என்பது வெற்று வெளியன்று. அதில் நிற்பான் ஒருவனையும் அவன் நிற்கும் நிலையினையும் உளப்படுத்தியே இடம் இடமாகின்றது என்னும் நுண்ணிய கருத்து இச்சொல்லாட்சியிற் பொதிந்து கிடக்கின்றது எனலாம்.

மேனாட்டு ஓவிய சிற்பக் கலைகள் இக்கருத்தினை வந்தெய்த ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் சென்றன. சட்டத்துள் அடங்கிய ஓவியத்தைத் தூரத்தில் நின்று நோக்கிய காண்போன், கலைப்பொருளினுள்ளே புகுந்து, நடந்து, தொட்டு, ஈற்றில் தானே அப்பொருளின் ஓர் உறுப்பாய் மாறியமையே அவ்வரலாறு. இந்நாளில் நிறுவற்கலை என வழங்கும் கலைவகை அவ்வாறு தோன்றியதாகும். ஓர் அறையினையோ மண்டபத்தினையோ முழுமையாகக் கலைப்பொருளாக்கி, புகுவோனது அசைவுக்கேற்ப அதனை மாறச் செய்வது இக்கலையின் இயல்பு. இதனைப் புதுமை வேட்கையின் விளையாட்டு என்று தள்ளுவோரும் உளர். அக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பதனை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புளோரன்ஸ் நகரில் நிகழ்ந்த ஒரு சோதனையிலிருந்து தொடங்குவோம். கட்டடக் கலைஞராகிய பிலிப்போ புறூனெல்லெஸ்கி என்பார் அந்நகரப் பேராலயத்தின் பெருவாயிலுக்கு உட்புறமாக நின்று, எதிரேயுள்ள புனித யோவானின் திருமுழுக்காலயத்தைச் சிறு பலகையொன்றில் வரைந்தார். வானத்தை வரையாது, அவ்விடத்தில் மெருகிட்ட வெள்ளித் தகட்டினைப் பதித்தார். மெய்யான வானமும் முகில்களும் அதிற் பிரதிபலித்தன. பின்னர்ப் பலகையிற் பருப்பளவான துளையொன்றிட்டு, காண்போன் பலகையின் பின்புறத்தே ஒரு கண்ணை வைத்து நோக்கவும், அவன் கையில் எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியம் தோன்றவும் வகைசெய்தார். ஓவியத்துக்கும் மெய்யான கட்டடத்துக்கும் வேற்றுமை காணல் அரிதாயிற்று என்பர். அப்பலகை இன்று இல்லை. மனெற்றி என்பார் எழுதிய வரலாற்று நூலினாலேயே நாம் இதனை அறிகின்றோம்.

தூரக்காட்சி முறைக்கு வித்திட்டது இச்சோதனையே. 1435இல் அல்பேற்றி தாம் இயற்றிய ஓவிய நூலில் அம்முறையின் விதிகளை வகுத்துரைத்தார். அதன்பின் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பிய ஓவியம் இவ்விதிகளின் வழியே சென்றது. அதனாற் பெற்ற பேறு பெரிது. ஆயின், கொடுத்த விலையும் உண்டு. அத்துளையின் முன் நிற்பவனுக்கு ஒரு கண்ணே உண்டு, கால்கள் இல்லை, கைகள் இல்லை. ஓரடி விலகினாலும் காட்சி குலைந்துபோம். இடம் என்பது அங்கே, அப்பால், பலகையின் மறுபுறத்தே உள்ளதொன்றாயிற்று. இலக்கண மரபிற் கூறின், அது படர்க்கை இடம்.

இக்கட்டினைச் சிறிது தளர்த்தியவர் அயர்லாந்திற் பிறந்து எடின்பரோவில் வாழ்ந்த றொபேட் பார்க்கர். வட்டமான கட்டடத்தின் உட்சுவர் முழுவதிலும் தொடர்ச்சியாக ஓவியந்தீட்டி, காண்போரை நடுவே மேடையொன்றில் நிறுத்தும் முறைக்கு அவர் 1787இல் உரிமைப் பத்திரம் பெற்றார். 1793இல் இலண்டன் லெஸ்ரர் சதுக்கத்தில் அதற்கெனவே ஒரு வட்ட மண்டபம் எழுந்தது. ‘பனோரமா’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது இதுவே. காண்போன் இப்பொழுது கழுத்தைத் திருப்பலாம், உடலைச் சுழற்றலாம். ஆயினும் மேடையை விட்டு இறங்குதல் இயலாது. அணுகிச் சென்றால் அது வெறுஞ்சீலை என்பது வெளிப்பட்டுவிடும் அன்றோ?

மேடையை விட்டு இறங்கும் காலம் 1923இல் வந்தது. உருசிய நாட்டுக் கலைஞராகிய எல் லிசிற்ஸ்கி, பேர்லின் பெருங்கலைக் கண்காட்சியிலே தமக்கு ஒதுக்கப்பட்ட சிறிய அறையினுள் ஓவியங்களைத் தொங்கவிடாது, அறையினையே ஓவியமாக்கினார். சுவர்களிலும் மேல் முகட்டிலும் பொருத்திய மரக்கோல்களும் வண்ணத் தளங்களும் ஒன்று மற்றொன்றுக்கு வழிகாட்ட, உள்ளே நுழைந்தவன் அவற்றைப் பின்பற்றி அறையைச் சுற்றி வருதல் வேண்டியதாயிற்று. ஓரிடத்தில் நின்று அதனை முழுமையாகக் காணல் இயலாது.

இதன் முதிர்ந்த வடிவம் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் அமைந்தது. அந்நகர மாகாண அருங்காட்சியகத்தின் தலைவர்களுள் ஒருவராய் விளங்கிய அலெக்சாண்டர் டோர்னர் என்பாரின் வேண்டுகோட்படி, லிசிற்ஸ்கி அங்கே ‘அருவ அறை’ என்பதனை 1927ஆம் ஆண்டளவில் அமைத்தார். சாம்பல் நிறச் சுவரின்மீது மெல்லிய பட்டைகள் செங்குத்தாக நெருங்கப் பொருத்தப்பட்டன. ஒவ்வொரு பட்டைக்கும் ஒரு பக்கம் வெண்மை, மறுபக்கம் கருமை. இடப்புறமிருந்து வருவோனுக்கு ஒரு நிறமாயும், நேரே நிற்போனுக்குச் சாம்பலாயும், வலப்புறம் சென்றவனுக்கு மற்றொரு நிறமாயும் அச்சுவர் தோன்றிற்று. நடக்குந்தோறும் சுவர் நடுங்கி மாறிற்று. இஃது ஒருபுறமாக, நகரும் பலகைகளைத் தள்ளி மறைந்த ஓவியத்தைத் திறக்கவும் திறந்ததை மூடவும் காண்போனுக்கு உரிமையளிக்கப்பட்டது. அருங்காட்சியகத்திற் ‘பொருள்களைத் தொடாதே’ என்ற கட்டளைக்குப் பழகிய மக்களுக்கு, ‘உன் கையால் தள்ளிப் பார்’ என்ற அழைப்பு எத்துணைப் புதுமையாய் இருந்திருக்கும்! இங்கே இடம் நம்மை நோக்கிப் பேசத் தொடங்குகின்றது. படர்க்கை முன்னிலையாகின்றது.

அதே ஹனோவர் நகரில், அதே ஆண்டுகளிற் குர்ட் சுவிற்றர்ஸ் என்னும் கலைஞர் தாம் வாழ்ந்த வீட்டின் அறைகளை மரத்தாலும் சாந்தாலும் கண்டெடுத்த பொருள்களாலும் சிறிது சிறிதாக நிறைத்து, குகைகளும் தூண்களும் கொண்டதொரு விந்தையான உள்வெளியை வளர்த்து வந்தார். ‘மெர்ஸ் கட்டடம்’ என அஃது அழைக்கப்படும். ஒரு நகரத்தில் இவ்விரண்டும் ஒருங்கே தோன்றியமை கலை வரலாற்றில் அரிய நிகழ்ச்சியாகும்.

ஆயின், அவ்விரண்டுக்கும் நேர்ந்த முடிவு வருந்தத்தக்கது. 1937இன் தொடக்கத்திற் சுவிற்றர்ஸ் நாற்சி ஆட்சிக்கு அஞ்சி நோர்வே நாட்டுக்குச் சென்றார். அதே ஆண்டில் அருவ அறை அழிக்கப்பட்டது. புதுக்கலை ‘இழிகலை’ என முத்திரை குத்தப்பட்டு மியூனிக் நகரில் இகழ்ச்சிக் கண்காட்சியாக வைக்கப்பட்டது. டோர்னரும் நாட்டை விட்டு நீங்கினார். 1943 ஒக்டோபரில் நிகழ்ந்த விமானக் குண்டுவீச்சில் மெர்ஸ் கட்டடம் இருந்த வீடு தரைமட்டமாயிற்று. ஓவியமாயின் சுருட்டி எடுத்துச் செல்லலாம். சிலையாயின் புதைத்துக் காக்கலாம். இடமே கலையாகுங்கால், அவ்விடம் அழியக் கலையும் அழிந்தொழிகின்றது. அருவ அறை 1968இலும், மெர்ஸ் கட்டடத்தின் முதன்மையான அறை 1980களின் தொடக்கத்தில் எஞ்சிய நிழற்படங்களைக் கொண்டும் மீளமைக்கப்பட்டன. அவை முன்னவற்றின் நினைவுகளேயன்றி முன்னவை அல்ல.

நிற்க. கலைஞர்கள் இவ்வாறு இடத்தை ஆராய்ந்த காலத்திலேயே உளநூலாரும் அதே வினாவினை வேறொரு வாயிலால் அணுகினர். அமெரிக்கராகிய அடெல்பேட் ஏம்ஸ் என்பார் 1940களில் அமைத்த அறை யாவருக்கும் தெரிந்ததே. உண்மையில் அவ்வறை கோணலானது. ஒரு மூலை அண்மையிலும் மற்றை மூலை சேய்மையிலும் உள்ளது. ஆயினும் துளையொன்றினூடே ஒரு கண்ணால் நோக்குவோனுக்குச் செவ்வையான சதுர அறையாகவே அது தோன்றும். இரு மூலைகளிலும் இருவரை நிறுத்தினால் ஒருவர் இராட்சதராயும் மற்றவர் குறளராயும் காணப்படுவர். அன்று புளோரன்சிற் பேராலய வாயிலில் இடப்பட்ட அதே துளை, இப்பொழுது எதிர்மாறான பாடத்தைப் புகட்டிற்று. ஒரு கண்ணுக்குத் தோன்றும் ஒரே காட்சியினை எண்ணிறந்த வடிவுகள் தரவல்லன; அவற்றுள் ஒன்றைத் தெரிந்துகொள்வது நம் மனப்பழக்கமே. அவ்வாறாயின் மயக்கம் தெளிவது எங்ஙனம்? கோலொன்றினால் அவ்வறையின் சுவர்களைத் தொட்டுப் பழகியோருக்கு அதன் கோணல் சிறிது சிறிதாகப் புலப்படத் தொடங்கிற்று என்பது பின்வந்த ஆய்வுகளின் முடிபு.

1963இல் ஹெல்ட், ஹைன் என்னும் இருவர் பூனைக்குட்டிகளைக் கொண்டு செய்த சோதனை இதனை மேலும் வலியுறுத்திற்று. இரு குட்டிகளை ஒரு சுழல்தடியின் இரு முனைகளிலும் இணைத்தனர். ஒன்று தன் காலால் நடந்தது. மற்றையது தொட்டிலில் அமர்ந்து, முன்னதன் நடையால் இழுபட்டுச் சென்றது. இரண்டும் கண்ட காட்சிகள் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் நடந்த குட்டி ஆழத்தை அறிந்து பள்ளத்தை விலக்கிற்று. சுமக்கப்பட்ட குட்டி விலக்க அறியாது தடுமாறிற்று. இடத்தைக் கற்பது கண் மட்டுமன்று; காலும் கற்கின்றது. லிசிற்ஸ்கி தம் கலையுணர்வினாற் கண்டது இங்கே ஆய்வுகூடத்தில் உறுதிப்பட்டது என்று கூறுவது மிகையாகாது.

கலையும் உளநூலும் நேரே கைகோத்த இடம் கலிபோர்ணியா. லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகம் கலைஞர்களையும் தொழில்நுட்ப நிறுவனங்களையும் இணைத்து நடத்திய திட்டமொன்றில், றொபேட் ஏர்வின், ஜேம்ஸ் ரறெல் என்னும் கலைஞர் இருவரும் எட் வோட்ஸ் என்னும் உளநூல் அறிஞருடன் 1968ஆம், 1969ஆம் ஆண்டுகளில் ஒருங்கு பணியாற்றினர். வோட்ஸ் விண்வெளிப் பயணத்துக்குரிய ஆய்வுகளில் ஈடுபட்டிருந்தவர்; ரறெல் கல்லூரியில் உளநூல் பயின்றவர். எதிரொலியற்ற இருட்டறைகளில் இருந்தும், எப்புறமும் ஒரே சீரான ஒளி நிறைந்த வெளியினை நோக்கியும் அவர்கள் ஆராய்ந்தனர். விளிம்போ நிழலோ இல்லாத அத்தகைய ஒளிவெளியைக் காண்பவனுக்கு ஆழமும் தூரமும் அற்றுப்போய் மூடுபனியே தோன்றும் என்பதை ஜேர்மன் உளநூலாராகிய மெற்ஸ்கர் 1930இலேயே வெளியிட்டிருந்தார். அத்திட்டத்தின் முடிவில் அம்மூவரிடமிருந்தும் காட்சிப்பொருள் எதுவும் உருவாகவில்லை. ஆயினும் அவ்விரு கலைஞரின் பிற்காலப் படைப்புகளுக்கு அது பெருந்துணையாயிற்று.

ரறெலின் கலையில் மரமில்லை, கல்லில்லை, ஒளியே பொருள். 1966ஆம் ஆண்டளவில் அவர் இருண்ட அறையொன்றின் மூலையில் ஒளியைப் பாய்ச்ச, அம்மூலையில் வெண்ணிறக் கனசதுரம் ஒன்று மிதப்பது போலத் தோன்றிற்று. அணுகியவனுக்கு அங்கே இருந்தது சுவரில் வீழ்ந்த ஒளியேயன்றி வேறில்லை. இவ்வறைகளிற் காண்பவன் ஈற்றிற் காண்பது யாது? வேறு பொருள் இல்லாமையால், தன் கண்ணும் மனமும் சேர்ந்து இடத்தை ஆக்கும் செயலையே அவன் காண்கின்றான். இங்கே இடம் தன்மையாகின்றது.

புரூஸ் நோமன் 1970இல் அமைத்த ஒடுங்கிய நடைவழி இதனை வேறொரு வகையில் உணர்த்திற்று. ஏறக்குறைய அரை மீற்றர் அகலமேயுள்ள அவ்வழியின் கோடியில் இரு தொலைக்காட்சித் திரைகள் இருந்தன. ஒன்றில் வெறுமையான நடைவழி தோன்றும். மற்றையதில், வாயிலின்மேல் வைக்கப்பட்ட ஒளிப்படக் கருவி காட்டும் நமது முதுகு தோன்றும். திரையை நெருங்குந்தோறும் நம் உருவம் சிறுத்துச் செல்லும். தன்னை அணுகச் சென்றவன் தன்னை விட்டுத் தானே அகல்கின்றான்! பின்னர் மின்கணனி இத்துறையிற் புகுந்தது. மைரன் குறூகர் என்பார் 1970களில் மனித நிழலுருவின் அசைவுக்குத் திரையே விடையளிக்கும் அறைகளை அமைத்தார். ஜெஃப்ரி ஷோ 1989ஆம் ஆண்டளவிற் காண்போனை ஓரிடத்தில் நிலைநிறுத்திய சைக்கிளில் ஏற்றி, எழுத்துகளே கட்டடங்களாய் நின்ற நகர வீதிகளில் மிதித்துச் செல்ல வைத்தார்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இஃது உணர்வின் ஆராய்ச்சியாக நிகழ, பிரேசில் நாட்டில் இதற்கு வேறொரு பொருளும் உண்டாயிற்று. அங்கே 1964இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1965இல் ஹீலியோ ஓயிற்றிசிக்கா என்னும் கலைஞர், தாம் வடிவமைத்த வண்ணப் போர்வைகளை அணிந்த சேரிவாழ் நடனக்காரரை றியோ டி ஜனெய்ரோ நவீன கலை அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார். உள்ளே ஆட அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர்கள் வெளியே நின்று ஆடினர். ஈராண்டு கழிந்து, 1967இல், அதே அருங்காட்சியகத்தில் மணலும் செடிகளும் உயிருள்ள கிளிகளும் சூழ, சேரிக் குடில்களை ஒத்த அறைகளை அவர் அமைத்தார். வெறுங்காலுடன் நடந்து, இருண்ட வழியிற் புகுந்து சென்றால் முடிவில் ஒரு தொலைக்காட்சி ஒளிர்ந்துகொண்டிருக்கும். ‘துறொப்பிக்காலியா’ என்பது அதன் பெயர். அவரது தோழியாகிய லீஜியா கிளார்க் 1968இல் ‘வீடே உடல்’ என்னும் பெயரில், காண்போர் தடவியும் நெருங்கியும் ஊர்ந்து செல்லவேண்டிய அறைகளை உருவாக்கினார். குடிமக்கள் வாய்திறக்க அஞ்சிய நாட்டில், ‘நீ அசைந்தாலன்றி இக்கலை இல்லை’ என்று கூறுவது எளிய செய்தியன்று. எவர் எவ்விடத்துக்குள் நுழையலாம் என்னும் வினா கலைக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை என்பதை அந்நடனக்காரர் நன்கறிந்திருந்தனர்.

இனி இக்கலைமீது சொல்லப்படும் குறைகளை நோக்குவோம். 1971இல் இலண்டன் ரேற் கலைக்கூடத்தில் றொபேட் மொறிஸ் சரிவுப் பலகைகளும் உருளைகளும் சமனிலைத் தண்டுகளும் அமைத்து, ஏறவும் உருட்டவும் மக்களை அழைத்தார். மக்கள் அழைப்பை மிகுதியாகவே ஏற்றுக்கொண்டனர். பலர் சிராய்ப்பும் காயமும் அடைய, சில நாள்களுள் அது மூடப்பட்டது. 2009இல் அது பாதுகாப்பான முறையில் மீண்டும் அமைக்கப்பட்டது. 1980இல் நியூயோர்க் விற்னி அருங்காட்சியகத்தில் ரறெலின் ஒளியைச் சுவரென நம்பிச் சாய்ந்தவர் வீழ்ந்து காயமுற்றார், வழக்கும் தொடரப்பட்டது. மும்பாயிற் பிறந்த அனிஷ் கபூர் 1992இல் முதன்முதல் அமைத்த படைப்பொன்றிற் கருநிறம் பூசிய குழி, தரையிற் பூசிய வட்டம் போலத் தோன்றும். அது 2018இற் போர்த்துக்கல் நாட்டின் போர்ட்டோ நகரில் வைக்கப்பட்டபோது, காணவந்த ஒருவர் ஏறக்குறைய இரண்டரை மீற்றர் ஆழமுள்ள அக்குழியுள் வீழ்ந்து மருத்துவமனை செல்ல நேர்ந்தது.

இவற்றைக் காட்டி இக்கலையைப் பழிப்போர் உளர். பாதுகாப்பிற் குறைவுண்டாயின் அதனைத் திருத்தவே வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயின் இவ்வீழ்ச்சிகள் ஓர் உண்மையையும் உரைக்கின்றன. ஓவியத்தில் வரைந்த கிணற்றில் எவரும் வீழ்ந்ததில்லை. கண்ணை மட்டும் நம்பியவன் உடலால் அதன் விலையைக் கொடுக்கின்றான் என்பதை வேறெக்கலையும் இத்துணை நேராகக் கூறியதில்லை.

இதனினும் வலியதொரு குறை உண்டு. யப்பானியக் கலைஞராகிய யயோய் குசாமா 1965இல் நியூயோர்க்கில் முதன்முதல் அமைத்த கண்ணாடி அறை, புகுந்தவனை முடிவற்ற வெளியில் எண்ணற்ற உருவங்களாகப் பெருக்கிற்று. 2017இல் வாஷிங்டனில் அவருடைய இத்தகைய அறைகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, கூட்ட மிகுதியால் ஒருவருக்கு அரைநிமிடமளவே உள்ளே நிற்க இடங்கொடுக்கப்பட்டது. அந்நேரத்தையும் தம்மைத் தாமே படம்பிடிப்பதிற் பலர் கழித்தனர். ஏறக்குறைய அறுநூறு ஆண்டுகளின் பின் காண்போன் மீண்டும் ஒரு சிறு துளையினூடே ஒற்றைக் கண்ணால் நோக்கத் தலைப்பட்டான். துளை இப்பொழுது கைபேசியில் உள்ளது. இக்குறை கலைக்குரியதா, காண்போனுக்குரியதா என்பதைக் கற்றோரே தீர்மானிப்பாராக.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. 2003 ஒக்டோபர் முதல் 2004 மார்ச் வரை இலண்டன் ரேற் மொடேண் கலைக்கூடத்தின் பெருமண்டபத்தில் ஒலாஃபர் எலியசன் ஒரு செயற்கைச் சூரியனை நிறுவினார். உண்மையில் அங்கிருந்தது மஞ்சள் விளக்குகள் பொருத்திய அரைவட்டமே. முகடு முழுவதையும் மூடிய கண்ணாடியிற் பிரதிபலித்து அது முழுவட்டமாயிற்று. விளக்குகளும் கண்ணாடித் தகடும் புகையெழுப்பும் பொறிகளும் மறைக்கப்படாது வெளிப்படையாகவே இருந்தன. மயக்கத்தின் சூத்திரத்தை அறிந்துகொண்டே மக்கள் மயங்கினர். இருபது இலட்சம் பேர் வந்தனர். முன்பின் அறியாதவர்கள் தரையிற் படுத்து, உயரத்தே தெரிந்த கண்ணாடியில் தம்மைத் தேடினர். கைகால்களை இணைத்து உருவங்களும் எழுத்துகளும் அமைத்தனர். அவ்வாறு செய்யுமாறு எவரும் அவர்களைப் பணிக்கவில்லை. திரளில் ஒரு புள்ளியாகத் தன்னைக் கண்டவன், தன்னோடு கிடந்த ஏனையோரையும் அங்கே கண்டான்.

நம் இலக்கணத்தில் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்றொரு வகையுண்டு. ‘நாங்கள்’ என்னுமிடத்துக் கேட்போன் புறத்தே நிற்கின்றான். ‘நாம்’ என்னுமிடத்து அவனும் உள்ளே வந்துவிடுகின்றான். துளையினூடே நோக்கிய ஒற்றைக் கண்ணிலிருந்து, சுவரைத் தள்ளிப் பார்த்த கையினூடாகவும், சேரி நடனக்காரர் வாயிலில் நின்று ஆடிய காலினூடாகவும் சென்ற இக்கலையின் பயணம், அது சிறந்து விளங்கிய தருணங்களில், ‘நாம்’ என்னும் இவ்விடத்தை நோக்கியே சென்றுள்ளது. கலைக்கூடத்துள் அரைமணிப் பொழுது கிடைத்த அவ்விடத்தை, அதன் வாயிலுக்கு வெளியேயும் அமைத்துக்கொள்ளுதல் கலைஞனால் மட்டும் ஆவதன்று. அது காண்போராகிய நம் கடன்.